ஆற்றுப் பக்கம் ஏறியவர்கள்

சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடையில் இருந்தது எங்கள் ஊர் ஹால்ட். ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை, அதில் ஒரு ஜன்னல், வெளியே ஒரு சிமெண்டு பெஞ்சு, ஊர்ப் பெயர் எழுதிய பலகை. ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, கொடி கிடையாது. ரயில் ஒரு நிமிடம் நிற்கும். காலையில் திருநெல்வேலிக்குப் போகிற பாசஞ்சர், சாயங்காலம் அங்கிருந்து திரும்புகிற பாசஞ்சர், இந்த இரண்டும்தான் நிற்கும். மற்றவை எங்களைப் பார்க்காமல் போகும்.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவன் நான். ரயில்வே உத்தியோகம் இல்லை. கமிஷனுக்கு டிக்கெட் விற்கிற ஏஜெண்டு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவனுக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது என்று ஊரில் சொன்னார்கள். வாரத்துக்கு ஒருமுறை பக்கத்துப் பெரிய ஸ்டேஷனுக்குப் போய் அட்டை டிக்கெட்டுகளை எண் வரிசைப்படி வாங்கி வர வேண்டும். தேதி குத்துகிற மெஷின் எனக்குத் தரவில்லை. ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் பேனாவால் தேதி எழுதிக் கொடுப்பேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். டிக்கெட் வாங்க வருகிறவர்களிடம் பேச வேண்டிய அவசியம் இல்லாததால் அந்த வேலை எனக்கு ஒத்துப்போனது. அவர்கள் போகிற ஊரின் பெயரைச் சொல்வார்கள், நான் அட்டையை எடுத்துத் தருவேன். ஜன்னலைத் தாண்டிப் போய் ஒருவரிடம் ஒன்றைக் கேட்பது என்னால் ஆகாத காரியம். டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவரைப் பார்த்தால் நான் அட்டைப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவேன்.

எங்கள் ஹால்ட்டில் ரயிலுக்கு இரண்டு பக்கம் உண்டு. என் அறையும் பெஞ்சும் இருப்பது ரோட்டுப் பக்கம். அம்பாசமுத்திரம் ரோட்டிலிருந்து வருகிறவர்கள் இந்தப் பக்கம் ஏறுவார்கள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கோர்ட்டு வேலையாகப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று ஏழெட்டுப் பேர் தேறும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கால்வாய்க்கரை, அதற்கப்பால் வாழைத்தோட்டம், அதையும் தாண்டினால் தாமிரபரணி. அதை ஆற்றுப் பக்கம் என்போம். இலை அறுத்து விற்கிற பெண்கள் அந்தப் பக்கம் ஏறுவார்கள். விடியுமுன் தோட்டத்தில் இறங்கி இலை அறுத்து, கால்வாயில் அலசி, வாழைநாரால் கட்டி, கரைமேல் ஏறி நிற்பார்கள். ரயில் வந்து நின்றதும் நின்ற இடத்திலிருந்தே கட்டுகளை உள்ளே தள்ளி ஏறிக்கொள்வார்கள். பிளாட்பாரம் என்று தனியாக உயர்த்திக் கட்டவில்லை என்பதால் இரண்டு பக்கமும் ஒரே உயரம்தான். பஸ்காரர்கள் இலைக்கட்டை ஏற்ற மாட்டார்கள். ரயில் நின்றால்தான் அவர்களுக்குப் பிழைப்பு.

டிக்கெட் கொடுக்கிற நான் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம், நடுவில் ரயில். அதனால் அவர்கள் டிக்கெட் எடுத்ததே இல்லை. ரயில் வருவதற்கு முன்னால் நான் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் கால்வாயில் முழங்காலுக்கு மேல் சேலையைச் செருகிக்கொண்டு நிற்கிற நேரம் அது. முகம் கழுவுவார்கள், தலையை அவிழ்த்துக் கட்டுவார்கள். நான் போகவில்லை. ஒரு நாள் போகவில்லை, இரண்டு நாள் போகவில்லை, அப்படியே பதினோரு வருடம் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வாரம், டிக்கெட் வாங்கப் போயிருந்தபோது பெரிய ஸ்டேஷன் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தேன்.

“ஒம்ம ஹால்ட்டுல ஆளே ஏறலைன்னு மேல நெனைக்காங்க வே. டிக்கெட்டு வித்த லட்சணம் அப்படி இருக்கு. அடுத்த வாரம் ஒருத்தர் வந்து ஏழு நாளும் காலம்பற ரயிலுக்கு ஆள் எண்ணுவாரு. சராசரி இருவது பேராவது ஏறணும். இல்லைன்னா வண்டி நிக்காது.”

நான் தலையாட்டினேன்.

“இத ஊருக்குள்ள போயிச் சொல்லி ஆளத் திரட்டிக் கொண்டாந்து நிறுத்திராதீரும். அது தெரிஞ்சா ஒமக்குத்தான் கேடு.”

“நான் யார்ட்ட சார் சொல்லப் போறேன்?” என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். “அதுவும் சரிதான்” என்றார்.

எண்ண வந்தவர் மதுரைப் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். தோளில் ஒரு ரெக்சின் பை, கையில் ஒரு நீள நோட்டு. கல்லிடைக்குறிச்சியில் அறை எடுத்துத் தங்கி, காலையில் பஸ்ஸில் வந்து இறங்குவார். சிமெண்டு பெஞ்சில் துண்டை விரித்து உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுத் தயாராக வைத்துக்கொள்வார். ஏறுகிற ஆள் ஒன்றுக்கு ஒரு கோடு. நாலு கோட்டுக்கு மேல் குறுக்கே ஒன்று. அவரும் அதிகம் பேசுகிறவர் இல்லை என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் நாள் ரயில் வந்து நின்றது. ரோட்டுப் பக்கம் எட்டுப் பேர் ஏறினார்கள். அவர் எட்டுக் கோடு போட்டார். நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன். பெட்டிகளுக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே, அந்தப் பக்கத்து மண் தெரியும். அங்கே கால்கள் தெரிந்தன. வண்டல் ஒட்டிய கால்கள், மெட்டி போட்ட விரல்கள், நனைந்த சேலைக்கரை. ஒவ்வொரு ஜோடியாக மேலே தூக்கிக்கொண்டு மறைந்தன. அவர் பெஞ்சில் உட்கார்ந்து கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்க்க அவருக்கு என்ன அவசியம்? ரயில் போனதும் அந்தப் பக்கம் கால்வாய்க்கரை மட்டும் காலியாகக் கிடந்தது.

சொல்லியிருக்கலாம். “சார், அந்தப் பக்கமும் ஆள் இருக்கு” என்று ஐந்து வார்த்தை. ஆனால் சொன்னால் அவர்களிடம் டிக்கெட் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக ஏன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் அன்று அட்டைப் பெட்டியைத் துடைத்தேன்.

இரண்டாம் நாள் ஒன்பது கோடு. மூன்றாம் நாள் ஏழு.

மூன்றாம் நாள் அவர் கிளம்புவதற்கு முன்னால் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டார். எனக்கும் கொஞ்சம் மூடியில் வைத்துக் கொடுத்தார். “நான் எண்ணிட்டுப் போன ஸ்டேஷன்ல பாதி இப்ப இல்லங்க” என்றார். “ஆளு கூடுதான்னு பாக்க யாரும் என்னை அனுப்புறதில்ல. குறையுதுன்னு முடிவு பண்ணின பிறகுதான் அனுப்புவாங்க. எனக்கே சில ஊருல இறங்கும்போது ஒரு மாதிரி இருக்கும்.” கையைக் கழுவிவிட்டு, சர்க்கரை மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் அப்பளம் இட்டுக்கொண்டிருந்தாள். கல்லிடைக்குறிச்சிக் கம்பெனி ஒன்று மாவு கொடுத்துவிடும், இவள் இட்டுக் காயவைத்துக் கொடுப்பாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை நிற்கவில்லை.

“அப்ப ரயிலு நிக்காதுன்னா இலைக்காரிய என்ன செய்வாளுவ?”

“தெரியல.”

“நீங்க என்ன செய்விய?”

“அதுவும் தெரியல.”

“நாளைக்கு அந்தப் பக்கம் போயி, டிக்கெட்டு எடுங்கன்னு சொல்லுங்க. அதுக்கு என்ன கேடு?”

“குளிக்கிற எடத்துக்கு எப்படிப் போக?”

அவள் அப்போதுதான் குழவியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “அவளுவ ஒங்களப் பாத்து வெக்கப்படணும். நீங்க எதுக்கு வெக்கப்படுதிய? போயி இருமிட்டு நில்லுங்க. இருமத் தெரியும்லா?”

நாலாம் நாள் போனேன். அட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினேன். ஐந்தாறு எட்டு நடைதான் இருக்கும். கரை ஓரத்தில் ஒரு பூவரசு மரம் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று இருமினேன். அவர்களுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் இருமினேன்.

“யாருளா அங்கன? ஆம்பளச் சத்தம் கேக்கு.”

“டிக்கெட்டுக்காரரு மாதிரி இருக்கு.”

“ரயிலு அங்கனதான் வரும், இங்கன வராதுன்னு சொல்லு.”

சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் கரைமேல் ஏறி வந்தார். அந்தக் கூட்டத்தில் மூத்தவர். எனக்குத் தூரத்து அண்ணன் ஒருவரின் மனைவி, மதினி முறை. தலையில் சும்மாடு அப்படியே இருந்தது.

“என்ன கொழுந்தனாரே, ஒடம்புக்குச் சரியில்லையா? மரத்தப் பாத்து இருமிக்கிட்டு நிக்கிய.”

“டிக்கெட்டு” என்றேன்.

“டிக்கெட்டுக்கு என்ன?”

“எடுக்கணும். எல்லாரும். இல்லைன்னா வண்டி நிக்காது.”

எப்படியோ சொல்லி முடித்தேன். மரத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். மதினி தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறினார். பிறகு கீழே திரும்பி உரக்கச் சொன்னார்: “கேட்டியளாளா? பதினோரு வருசமா கொண்டாந்து நீட்டாம, இன்னைக்கு வந்து எடுக்கலைங்காரு.” என் பக்கம் திரும்பி, “எடுக்க மாட்டோம்னு நாங்க என்னைக்காவது சொன்னமா? ஓடுத ரயிலுக்கு நடுவுல பூந்து ஒம்ம ஜன்னலுக்கு வர முடியுமா?” என்றார்.

நான் பைக்குள் கையை விட்டு அட்டைகளை அடுக்கினேன்.

“சரி, எடுக்கோம். வேற என்ன?”

“ஒருத்தர் ஆள் எண்ணுதாரு. நீங்க எத்தன பேருன்னு அவர்ட்ட சொல்லணும்.”

கீழே பேச்சு நின்றுபோனது. மதினியின் முகம் மாறிவிட்டது.

“அது மட்டும் வேண்டாம்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் நினைவு வந்தது. சில வருடங்களுக்கு முன்னால் நடவுக்கு ஆள் கூட்டிப் போன காண்டிராக்டர் இவர்களை வரப்பில் வரிசையாக நிறுத்தி, விரல் நீட்டி ஒன்று இரண்டு என்று எண்ணினார். அன்றைக்கே அந்த வரிசையில் ஒருத்தியைப் பாம்பு கடித்தது. பெரியாஸ்பத்திரி போய்ச் சேருமுன் அவள் போய்விட்டாள். ஆளை எண்ணக்கூடாது, எண்ணினால் ஒன்று குறையும் என்று எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். இவர்களுக்கு அது கண்ணால் பார்த்தது. அதற்குப் பிறகு தங்களுக்குள்கூட எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்ள மாட்டார்கள். கரைமேல் ஏறியதும் மதினி, “ஒங்க பக்கத்துல ஆளு இருக்கா?” என்பார். ஒவ்வொருத்தியும் தன் பக்கத்தைப் பார்த்துக்கொள்வாள். எல்லாருக்கும் பக்கத்தில் ஆள் இருந்தால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம்.

“டிக்கெட்டு வேணும்னா ஆளுக்கு ரெண்டு எடுக்கோம்” என்றார் மதினி. “தலைய எண்ணுத சோலி வேண்டாம்.”

ரயில் வருகிற நேரம் நெருங்கிவிட்டது. சேரன்மகாதேவிப் பக்கமிருந்து எதுவும் வராது, கல்லிடைக்குறிச்சிப் பக்கம்தான் பார்க்க வேண்டும். நான் அந்தப் பக்கம் பார்த்தபடி யோசித்தேன். எனக்கு யோசனை அவ்வளவு சீக்கிரம் வராது. ஆனால் தினமும் நான் செய்கிற ஒரு காரியம் இருந்தது. வேலை முடிந்ததும் எத்தனை டிக்கெட் விற்றது என்று நான் எண்ணுவதில்லை. மேலே இருக்கிற அட்டையின் எண்ணைப் பார்ப்பேன், காலையில் இருந்த எண்ணை அதிலிருந்து கழிப்பேன். அவ்வளவுதான்.

பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினேன். “இதுல நம்பர் அச்சடிச்சிருக்கு மதினி. நான் யாரையும் எண்ண மாட்டேன். ஆளுக்கு ஒண்ணு தருவேன். மிச்சம் இருக்கிற அட்டைல என்ன நம்பர்னு பாத்துக் கழிச்சிக்கிடுவேன்.”

“கழிப்பேரா? எங்களக் கழிச்சுக் கட்டவா வந்திய?”

கீழேயிருந்து மறுபடி சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில்தான் காரியம் முடிந்தது. “ஏளா, வாங்க, ஆளுக்கொண்ணு வாங்கிக்கிடுங்க. பைய வாங்க, அட்டைய நனைச்சிராதிய” என்றார் மதினி. அவர்கள் ஒவ்வொருவராக வந்து ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்கள். எனக்குத் தேதி எழுத நேரம் பற்றவில்லை. சிலருக்குத் தேதி போடாமலே கொடுத்தேன். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கைகளை மட்டும் பார்த்தேன்.

ரயில் போனதும் எண்ணுகிறவரிடம் போய், “சார், இன்னைக்கு அந்தப் பக்கம் இருபது டிக்கெட்” என்றேன். கழித்துப் பார்த்த எண்ணைத்தான் சொன்னேன்.

“எந்தப் பக்கம்?” என்று எழுந்து நின்றார். காலியான தண்டவாளத்துக்கு அப்பால் பார்த்தார். நான் விவரத்தைச் சொன்னேன். டிக்கெட் எண்களை வாங்கிச் சரிபார்த்துவிட்டு, தன் எட்டுக் கோட்டோடு இருபதைச் சேர்த்து எழுதினார்.

“அப்ப நேத்து? முந்தாநேத்து?”

“அன்னைக்கும் ஏறினாங்க சார். டிக்கெட்டு இல்ல.”

“டிக்கெட் இல்லன்னா என் கணக்குல ஆள் இல்ல” என்று நோட்டை மூடிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார்.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள். ஒவ்வொரு காலையும் பூவரசு மரத்தடிக்குப் போனேன். இருமுவதை விட்டுவிட்டேன். அவர்களே “வந்துட்டாருளா” என்று சொல்லிக்கொண்டு கரைக்கு ஏறுவார்கள். ஒருத்தி மட்டும் என் கையிலிருந்து வாங்க மாட்டாள், மதினியிடம் கொடுத்து வாங்கிக்கொள்வாள். அவளுக்கும் என்னை மாதிரிக் கூச்சமோ என்னவோ. அந்த மூன்று நாளும் வீட்டுக்குப் போனால் என்னால் சாப்பிட முடியவில்லை. கல் உடைத்தவன் மாதிரி உடம்பு வலித்தது. இருபது பேரிடம் பேசுகிற வேலை அவ்வளவு பாரமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஏழாம் நாள் ரயில் போன பிறகு எண்ண வந்தவர் என் அறைக்குள் வந்தார். இரண்டு பேரும் கூட்டிப் பார்த்தோம். அவர் நோட்டில், நான் சிலேட்டில். முதல் மூன்று நாள் எட்டு, ஒன்பது, ஏழு. பிறகு இருபத்தெட்டு, இருபத்தேழு, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. மொத்தம் நூற்று முப்பத்தாறு. ஏழால் வகுத்தால் பத்தொன்பதும் சொச்சமும் வந்தது. நூற்று நாற்பது இருந்தால் சரியாக இருபது. நான்கு பேர் குறைந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் இன்னொருமுறை வகுத்தேன். கணக்கு மாறவில்லை.

“அந்த மூணு நாளும் அவங்க ஏறினாங்க சார்” என்றேன். “நான் பாத்தேன். பெட்டிக்கு அடியில காலு தெரியும். நீங்க குனிஞ்சிருந்தா நீங்களும் பாத்திருப்பிய.”

வாழ்க்கையில் ஓர் ஆபீசரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான்.

“பாத்தீங்கல்ல? அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?”

நான் தரையைப் பார்த்தேன். பொய் சொல்வதற்கு எதுவும் தோன்றவில்லை.

“கூச்சமா இருந்துச்சு சார்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நோட்டை மறுபடி விரித்தார். “கோட்டை மாத்த மாட்டேன்” என்றார். “போட்ட கோடு போட்டதுதான்.” பிறகு நோட்டின் அடியில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினார். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விரலை வைத்து அவரே தமிழில் சொன்னார். ஆற்றுப் பக்கத்திலிருந்தும் பயணிகள் வழக்கமாக ஏறுகிறார்கள், முதல் மூன்று நாள் அவர்கள் சேர்க்கப்படவில்லை, இதைக் கவனத்தில் கொள்ளவும்.

“இது போதுமா சார்?”

“யாருக்குத் தெரியும்? கோடுதான் பாப்பாங்க. எழுத்தைப் படிக்கிறவரு கையில போனா உங்க அதிர்ஷ்டம்.”

இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. ரயில் தினமும் நின்றது. ஒவ்வொரு நாளும் ரயில் திருப்பத்தில் தெரிகிறபோது, இன்றைக்கு நிற்குமா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். மதினி ஒருமுறை கேட்டார், “என்ன கொழுந்தனாரே, தாலி கட்டப் போற மாப்பிள்ளைய எதிர்பாக்க மாதிரி பாக்கிய?”

பிறகு பெரிய ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். “எழுத்தப் படிக்கிற ஆளு கையிலதான் போயிருக்கு வே. வண்டி நிக்கும்” என்றார்.  அட்டைக் கட்டுகளை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பைப்பில் தண்ணீர் குடித்தேன். அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். காலையில் பூவரசு மரத்தடியில் சொன்னேன். அவர்கள் ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். கூச்சக்காரி மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஒரு தளிர் இலைச் சுருளை என் பையில் வைத்துவிட்டுப் போனாள்.

படிக்கிற ஆள் இரண்டு வரியையும் நன்றாகப் படித்திருக்கிறார் என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது. ஒரு டிராலியில் பழைய தண்டவாளத் துண்டுகளும் முள்கம்பிச் சுருள்களும் வந்து இறங்கின. நான்கு பேர் வந்து ஆற்றுப் பக்கம் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். என்னவென்று கேட்டேன்.

“தப்புப் பக்கம் ஏறுதாங்களாமே. ஆபத்துன்னு மேலேர்ந்து உத்தரவு. வேலி போடச் சொல்லியிருக்கு.”

“எவ்வளவு தூரத்துக்கு?”

“ரயிலு நிக்கிற நீளத்துக்கும், ரெண்டு தலைப்புலயும் கொஞ்சம் கூடவும்.”

மூன்று நாளில் வேலி முடிந்துவிட்டது. பூவரசு மரம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. வேலி முடிகிற இடத்துக்கு அப்பால் இந்தக் கரை முழுக்கக் கருவேல முள். அதன் பிறகு இலைக்காரப் பெண்கள் தோட்டத்துப் பக்கக் கரையிலேயே மேற்கே நடந்து, மதகுப் பாலத்தில் கால்வாயைக் கடந்து, ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைக் கடந்து, ரோட்டு வழியாகத் திரும்பி என் ஜன்னலுக்கு வர வேண்டும். வெறுங்கையோடு நடந்தால் கால் மணி நேரம். தலையில் ஈரக்கட்டோடு நடந்தால் அதற்கு மேலே. விடியுமுன் எழுந்தவர்கள் அதற்காக இன்னும் முன்னால் எழுந்தார்கள்.

அவர்கள் வந்து கட்டுகளை இறக்குகிற சத்தம் கேட்கும்போது நான் தலையைத் தூக்க மாட்டேன். ஜன்னலில் கை மட்டும் வரும். நான் அட்டையைக் கொடுப்பேன்.

“ஒங்க வாய் தொறந்த அன்னைக்கே எங்க காலுக்குக் கேடு வந்துட்டு பாத்தியளா” என்றார் மதினி. வலிக்கும்படிச் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

“நான் வேலி கேக்கல மதினி.”

“நீரு கேப்பேரா? ஒரு செம்பு தண்ணி கேக்க மாட்டேரு. எங்களுக்குத் தெரியாதா? ஒரு அட்டை கூட எடும், எங்கள்ல எளையவ ஒருத்தி பின்னால வாரா.”

அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நான் பதினோரு வருடம் ஐந்தாறு எட்டு நடக்காததற்கு அவர்கள் தினமும் அவ்வளவு தூரம் நடந்தார்கள். ரயில் நின்றது, அவர்கள் பிழைப்பு நின்றுபோகவில்லை. அது நல்லதுதான். ஆனால் மழை நாளில், ரோட்டுத் திருப்பத்தில் தலைமேல் இலைக்கட்டுகள் வரிசையாக வருவதைப் பார்த்தால், எனக்கு அந்த நல்லதைப் பற்றிப் பேசத் தோன்றாது. சில நாள் ரயில் வந்த பிறகும் இரண்டு மூன்று பேர் ரோட்டில் ஓடி வந்துகொண்டிருப்பார்கள். நான் வெளியே போய் ரயில் கார்டைப் பார்த்துக் கையைக் காட்டுவேன். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். காட்டிய கை வீட்டுக்கு வந்த பிறகும் கனமாக இருக்கும்.

வேலி போட்டதோடு எனக்கு ஒரு புது வேலையும் சேர்ந்தது. மாதக் கடைசியில் வேலி எப்படி இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். ஆறு மாதம் எழுதினேன். வேலி நல்ல நிலையில் உள்ளது என்று ஒரே வரி. அது உண்மையாகவும் இருந்தது.

ஏழாவது மாதம், ஐப்பசி மழையில் ஒரு காலை, பெண்கள் வழக்கத்துக்கு முன்னாலேயே ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். ரோட்டிலிருந்து வரவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி நேரே வந்தார்கள். சேலையில் முள் கிழித்த தடம் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு, ரயில் வருமுன் இந்தப் பக்கம் வரிசையாக நின்று ஏறினார்கள்.  எப்படி வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

ரயில் போன பிறகு போய்ப் பார்த்தேன். பூவரசு மரத்துக்கு நேரே கீழ்க் கம்பி இரண்டும் கம்பத்திலிருந்து விடுபட்டு, வாழைநாரால் பக்கத்துக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஓர் ஆள் குனிந்து, இலைக்கட்டைக் கையில் இறக்கிக்கொண்டு வரத் தாராளமாக இடம் இருந்தது. நார் நல்ல முடிச்சு. இலைக்கட்டுக்குப் போடுகிற அதே முடிச்சு. நான் அவிழ்க்கவில்லை. சேற்றில் வழுக்காமல் இருக்க ஒரு தட்டையான கல்லை உருட்டிக் கொண்டுவந்து அந்த இடத்தில் போட்டேன்.

அந்த வாரம் மாதக் கடைசி. சீட்டில், வேலி நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து நடுங்காமல் வந்தது. பெரிய ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாஸ்டர் வாங்கி, கம்பியில் குத்தப் போனவர், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“மழ இந்தப் போடு போடுது. வேலியெல்லாம் எப்படி இருக்கு வே?”

“எழுதியிருக்கேன் சார்” என்றேன்.